பழைய கண்ணாடியும் புதிய காமிராவும்

நமது வீடுகளிலே பரண் என்று ஓர் இடம் இருக்கிறதல்லவா? உடைந்த தொட்டில், ஓட்டை வெந்நீர்த் தவலை, தாத்தா காலத்துக் கைப்பெட்டி முதலிய சிரஞ்சீவிகள் வாசம் செய்யும் ஸ்தலம் அது. அநேக வீடுகளில் அந்தச் சிரஞ்சீவிகளின் நடுவே ஒரு காமிராவும் இருக்கும். சிங்கப்பூரிலிருந்தோ பினாங்கிலிருந்தோ யாரோ ஒரு மாமா வாங்கி வந்தது. அக்காவின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பைப் படம் பிடித்தது. பிறகு பிலிம் வாங்கிப் போட ஆளில்லாமல் தோல் உறைக்குள் நித்திரை போய்விட்டது.

இப்போது பேரப்பிள்ளை அதைக் கீழே இறக்குகிறான். "பெட்டி வேண்டாம், பாட்டி! இதிலுள்ள லென்ஸ் மட்டும் போதும்" என்கிறான். அதைக் கழற்றி, ஒரு உலோக வளையத்தின் உதவியால் தன்னுடைய டிஜிட்டல் காமிராவின் முகத்தில் மாட்டிக்கொண்டு கிளம்புகிறான். தானாகவே போகஸ் செய்துகொள்ளும் அருமையான லென்ஸ் ஒன்று அவனிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை மேஜைமேல் வைத்துவிட்டு, கையால் திருக வேண்டிய இந்தக் கிழக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போவானேன்? வீட்டிலுள்ள பெரியவர்களுக்கு இது விளங்குவதில்லை. பணம் கொடுத்துக் கஷ்டத்தை வாங்குவது என்பது நாகரிகத்தின் லட்சணம் போலும் என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள்.

இந்த விவகாரத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. 'பிலிமுக்காகப் பிறந்த கண்ணாடி பிலிமில்தான் பேசும். டிஜிட்டலில் போட்டால் ஊமையாகிவிடும்' என்பது ஒரு கட்சி. 'அந்தக் கண்ணாடிக்குள் இருந்த திறமை அத்தனையும் வெளிப்படுவதே இப்போதுதான். பிலிம் பாதியை விழுங்கிவிட்டது' என்பது மற்றொன்று. இரண்டு கட்சியாரும் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதுதான் கேள்வி.

முதலில், இந்தக் கலப்பு மணம் சாத்தியமானது எப்படி என்று பார்ப்போம். இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. நேயர்கள் பயப்பட வேண்டாம், கழித்தல் கணக்குதான்.

பழைய காமிராக்களில் ஒரு பெரும் வகுப்பு, லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே சாய்வாக ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்துக் கட்டப்பட்டது. லென்ஸ் வழியாக வரும் பிம்பத்தை அந்தக் கண்ணாடி மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். விசையை அழுத்தியதும் அது மடங்கி மேலே போய்விடும். வெளிச்சம் பிலிமில் விழும். அது மடங்குவதற்கு இடம் வேண்டுமே? ஆகையால் லென்ஸைப் பிலிமிலிருந்து எட்டவே வைத்தார்கள். 1949-ஆம் வருஷ வாக்கில் டிரெஸ்டன் நகரத்தில் தோன்றி உலகமெங்கும் பரவிய 42 மில்லிமீட்டர் திருகு மரையுள்ள காமிராக்களில் இந்தத் தூரம் 45.46 மில்லிமீட்டர். ஜப்பானிய நிகான் 1959-இல் வகுத்துக்கொண்டது 46.5. கானன் கம்பெனி 1987-இல் வைத்தது 44. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு கணக்கு. ஒருவர் வீட்டு மாட்டுப்பெண் இன்னொருவர் வீட்டில் புகக் கூடாது என்ற ஏற்பாடு.

இந்தத் தூரம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் போயிற்று. பக்கத்திலிருக்கும் பூச்செடி தெளிவாக விழும். தூரத்துக் கோபுரம் எத்தனை திருகினாலும் தெளியாது. நிகானின் 46.5-ஐத் திருகு லென்ஸின் 45.46-ஆல் எட்ட முடியாது. கானனில் 1.46 மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய வளையத்தைச் செருகிச் சமாளித்துவிடலாம். ஆனாலும் சில லென்ஸ்களின் பின்புறம் உள்ளேயிருக்கும் கண்ணாடியில் இடிக்கும். இப்படியாக, டிஜிட்டல் யுகத்தின் ஆரம்பத்தில் பழைய லென்ஸ்கள் பெரும்பாலும் அநாதைகளாகவே இருந்தன.

2008-இல் பானசோனிக் கம்பெனியார் அந்தச் சாய்வுக் கண்ணாடியே இல்லாத காமிரா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பிம்பத்தைச் சிறு மின்சாரத் திரையிலே பார்த்துக்கொண்டால் கண்ணாடி எதற்கு என்பது அவர்கள் வாதம். கண்ணாடி போனதும் இடமும் மிச்சமாயிற்று. 2010-இல் ஸோனி கம்பெனியார் தூரத்தை 18 மில்லிமீட்டராகச் சுருக்கினார்கள். இப்போது கழித்துப் பாருங்கள்: 45.46-இல் 18 போனால் 27.46. அந்த நீளத்துக்கு ஒரு வெற்றுக் குழாய் செய்து நடுவே வைத்தால் தீர்ந்தது விஷயம்! குழாய்க்குள் சில்லு ஒன்றும் கிடையாது, காற்றுதான். நிகானுடையதோ, கானனுடையதோ, அநேகமாக எந்தப் பழைய லென்ஸும் அதனதன் குழாயோடு வந்து உட்காரலாம். 2013-இல் பிலிமின் அளவேயான 24-க்கு 36 மில்லிமீட்டர் சதுக்கத்தோடு இத்தகைய காமிரா வந்தது. 2018-இல் நிகானும் கானனும் இதே வழியில் இறங்கின. பரண்மீது தூங்கிய லென்ஸ்களுக்கு மறுஜன்மம் கிடைத்த கதை இதுவே. அத்துடன் அவற்றின் விலையும் விழித்துக்கொண்டுவிட்டது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

* * *

இந்தப் பழைய கண்ணாடிகளில் மிகவும் பிரசித்தி பெற்ற ஒன்றின் சரித்திரத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 'ஹீலியோஸ் 44' என்பது அதன் பெயர். ஹீலியோஸ் என்றால் கிரேக்க பாஷையில் சூரிய பகவான். பெயர் கிரேக்கம், உற்பத்தி ருஷ்யா, பூர்வீகமோ ஜெர்மனி.

ஜெர்மனியில் யேனா என்ற ஊரில் கார்ல் ஸைஸ் தொழிற்சாலை இருந்தது. அங்கே பால் ருடால்ப் என்ற நிபுணர் 1896-இல் 'பிளானார்' என்ற லென்ஸை வகுத்தார். அந்த வம்சத்தில் வில்லி மெர்ட்டே என்பவர் 'பயோட்டார்' என்பதை உண்டாக்கினார். சிறு காமிராக்களுக்காகச் செய்த 58 மில்லிமீட்டர் பயோட்டார் யுத்தத்துக்கு முன்பே பெயர் வாங்கியது. ஆறு சில்லுகள், அவற்றில் இரண்டு ஜோடிகள் ஒட்டப்பட்டு நாலு தொகுதிகளாக நிற்கும்.

இந்தச் சில்லுகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கண்ணாடியில் வெளிச்சம் நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒவ்வொரு முகத்திலும் நூற்றுக்கு நாலு பங்கு திரும்பிப் போய்விடுகிறது. நாலு தொகுதி என்றால் எட்டு முகம். கணக்குப் பார்த்தால் கால் பங்குக்கு மேல் நஷ்டம். திரும்பிய வெளிச்சமாவது சும்மா போகிறதா? உள்ளேயே முட்டி மோதிப் படத்தை மங்கலாக்குகிறது. 1890-களில் டென்னிஸ் டெய்லர் என்ற ஆங்கிலேயர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். வயதாகி மேற்புறம் நிறம் மாறிப்போன லென்ஸ், புதிய லென்ஸைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விட்டது! முதுமையிலும் ஒரு லாபம் இருக்கிறது பாருங்கள். அந்த முதுமையை இளமையிலேயே பூசிவிடும் வித்தையை 1935-இல் யேனாவில் அலெக்ஸாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்தார். பழைய லென்ஸ்களைச் சாய்த்துப் பார்த்தால் நீலமாகவும் ஊதாவாகவும் மின்னுகிறதே, அது அந்தப் பூச்சுதான்.

நிற்க. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை யேனாவைப் பிடித்தது. ஆனால் ஒப்பந்தப்படி அந்த ஊர் ருஷ்யர்களின் பாகம். போகும்போது அமெரிக்கர்கள் தொழிற்சாலையின் தலைசிறந்த நிபுணர்களை மேற்கே அழைத்துக்கொண்டு போனார்கள். பின்னால் வந்த ருஷ்யர்கள் யந்திரங்களைக் கழற்றி ஏற்றினார்கள். 1946 அக்டோபரில் மிஞ்சியிருந்த நிபுணர்களில் பலரையும் ரயிலேற்றினார்கள். ஒரே பெயரில் மேற்கில் ஒரு ஸைஸ், கிழக்கில் ஒரு ஸைஸ் என்று ஆகி, பல வருஷங்கள் வழக்காடிக்கொண்டிருந்தன. ஜயித்தவர்கள் பொன்னையும் பூமியையும் பங்கு போட்டுக்கொண்டதைச் சரித்திரப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். இங்கே பங்கு போட்டுக்கொண்டது மனிதரின் மூளையையும் கைத்திறனையும்.

அந்தப் பங்கில் பயோட்டாரின் சூத்திரமும் சேர்ந்தது. மாஸ்கோவுக்கு அருகே கிராஸ்னோகார்ஸ்க் நகரத்திலுள்ள தொழிற்சாலையார் தங்கள் நாட்டுக் கண்ணாடிக்கு ஏற்றபடி அதைத் திருத்தி, 'ஹீலியோஸ் 44' என்று பெயரிட்டு 1958 முதல் வெளியிட்டார்கள். பிறகு வால்டாய், மின்ஸ்க் நகரத் தொழிற்சாலைகளிலும் அது உற்பத்தியாயிற்று. 'ஸெனிட்' என்ற மலிவான காமிராவின் முகத்தில் லட்சக் கணக்கில் உலகத்தைச் சுற்றி வந்தது. பள்ளிக்கூட உபாத்தியாயரும் ஆலைத் தொழிலாளியும் வாங்கக் கூடிய லென்ஸ் அது. யாரும் அதைப் பெரிய பொக்கிஷமாக நினைத்ததில்லை.

இன்று அதைத் தேடுகிறார்களே, எதற்காகத் தெரியுமா? அதன் குற்றத்துக்காக! துவாரத்தை முழுவதும் திறந்து வைத்துக்கொண்டு, மரத்தின் இலைகளைப் பின்னணியாக நிறுத்தி ஒருவரைப் படம் பிடித்தால், அவர் முகம் தெளிவாக இருக்கும். இலைகளின் ஒளிப்பொட்டுகள் எலுமிச்சம்பழம் போல நசுங்கி, முகத்தைச் சுற்றிச் சுழல்வது போல் தோன்றும். ஓரங்களில் வரும் வெளிச்சத்தை லென்ஸின் குழலே கொஞ்சம் மறைத்துவிடுவதாலும், ஓரத்துப் பிம்பம் ஒரே தளத்தில் விழாமல் வளைவதாலும் இது நேருகிறது. லென்ஸ் வகுத்த நிபுணர்கள் இதைக் குறையென்றே கருதினார்கள். பேரப்பிள்ளைகள் இதை அழகென்கிறார்கள். நம்மைக் கேட்டால், பத்துப் படத்துக்கு ஒன்றில் இது அழகுதான். பத்திலும் சுழன்றால் தலை சுற்றுகிறது.

* * *

நாம் இந்த ஹீலியோஸை ஒரு ஸெனிட் காமிராவிலும், அதே தினம் ஒரு டிஜிட்டல் காமிராவிலும் மாட்டி, ஒரே புங்கமரத்தடியில் பூத்தொடுக்கும் ஒரு பாட்டியம்மாளைப் படம் எடுத்துப் பார்த்தோம். பிலிமில் 36 படம். அவற்றைக் கழுவி வாங்க எட்டு நாள். டிஜிட்டலில் நூற்றுச் சொச்சம். பார்க்க நிமிஷம்கூட ஆகவில்லை.

சுழற்சி இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தது. ஆகவே அது கண்ணாடியின் குணமே ஒழிய, பிலிமின் மாயமல்ல. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. டிஜிட்டல் சதுக்கம் பிலிமின் அளவு இருக்க வேண்டும். விலை குறைந்த காமிராக்களில் சதுக்கம் சிறியது; லென்ஸ் தரும் பிம்பத்தின் நடுப்பாகத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளும். ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் எழுபத்தைந்து போல் நடக்கும். சுழல் இருப்பதோ ஓரங்களில்! ஓரத்தை வெட்டிவிட்டு, 'சுழலைக் காணோமே' என்று தேடுகிறவர்கள் பலர்.

வித்தியாசம் வேறிடத்தில் இருந்தது. ஒரு மீட்டர் தூரத்தில் போகஸ் செய்து துவாரத்தை முழுக்கத் திறந்தால், தெளிவு நிற்பது மூன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான். இது பிலிம் காலத்து அளவுகோல். இமை தெளிவாயிருந்தால் காது தெளியாது. தபால் கார்டு அளவு படத்தில் ஒரு விரற்கடை பிசகினாலும் யாரும் கவனிக்கமாட்டார்கள். டிஜிட்டலிலோ நீளவாட்டில் ஆறாயிரம் புள்ளிகள். அதைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு பிசகும் ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. கிளை வழியே தெரிந்த வெள்ளை வானத்தின் விளிம்பில் பிலிமில் கண்ணுக்குப் படாத ஊதா நிறக் கசிவு டிஜிட்டலில் பளிச்சென்று நின்றது. பழைய கண்ணாடிக்குப் பிலிம் ஒரு தாட்சண்யமுள்ள பரீட்சகர். டிஜிட்டல் கால் மார்க்கும் விட்டுக்கொடுக்காதவர்.

வெளிச்சத்தின் விஷயத்திலும் இப்படியே. பாட்டியம்மாளின் வெள்ளைத் தலைமயிரில் வெயில் பட்ட இடம், பிலிமில் மெல்ல வெளுத்து நூல் நூலாகத் தெரிந்தது. டிஜிட்டலில் ஓர் எல்லை வரையில் எல்லாம் தெளிவு. எல்லையைத் தாண்டியதும் சுண்ணாம்பு அடித்த சுவர். இது லென்ஸின் தோஷமல்ல. நெகடிவ் பிலிமின் சுபாவம் அது. நூதன சதுக்கத்தின் சுபாவம் இது. 'பழைய லென்ஸ் போட்டால் டிஜிட்டலிலும் பிலிம் மாதிரியே படம் வரும்' என்று விற்பவர்கள் சொல்வதை நாம் ஒப்புவதற்கில்லை. பூச்சு குறைந்த பழைய லென்ஸ் நிழல்களைச் சற்று வெளிறச் செய்யும். அதைக் கண்டு பிலிமின் மென்மை என்று மயங்குகிறார்கள்.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பிலிமில் வெளிச்சம் எந்தச் சாய்வில் வந்து விழுந்தாலும் பதிந்துவிடும். டிஜிட்டல் சதுக்கத்திலோ ஒவ்வொரு புள்ளியும் ஒரு சிறு கிணறு. நேரே மேலிருந்து வருவதையே அது விரும்பும். போதாததற்கு மேலே ஒரு கண்ணாடித் தகடு வேறு. சாய்வுக் கண்ணாடி இல்லாத பழைய லைக்கா ஜாதிக் காமிராக்களின் அகன்ற கோண லென்ஸ்கள் பிலிமை ஒட்டி உட்காரக் கூடியவை. அவற்றின் வெளிச்சம் மிகவும் சாய்ந்து வரும். அவற்றை டிஜிட்டலில் மாட்டினால் மூலைகள் குழம்பி, நிறமும் திரிகிறது. இந்தக் கஷ்டத்தைக் குறைப்பதற்காக லைக்கா கம்பெனியார் 2006-இல் வெளியிட்ட டிஜிட்டல் காமிராவில் தகட்டை மிக மெல்லியதாக வைத்தார்கள். உடனே வேறொரு வேடிக்கை நடந்தது! கண்ணுக்குத் தெரியாத சிவப்புக்கு அப்பாற்பட்ட கதிர்கள் உள்ளே நுழைந்து, கறுப்புச் செயற்கைத் துணியெல்லாம் படத்தில் ஊதா நிறமாக விழுந்தது. கறுப்புக் கோட்டுப் போட்ட கனவான்கள் ஊதாக் கோட்டில் காட்சியளித்தார்கள். பிறகு கம்பெனியார் லென்ஸின் முன்னால் மாட்டிக்கொள்ள வடிகட்டிகளைக் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். ஹீலியோஸ் போன்ற லென்ஸ்கள் முன்பே எட்ட நின்றவையாதலால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

டிஜிட்டல் செய்யும் உபகாரங்களையும் சொல்லாமல் விடக் கூடாது. கையால் போகஸ் செய்கிறவனுக்கு அது தரும் வசதி பிலிம் காலத்தில் கனவிலும் கிடைக்காதது. திரையில் கண்ணிமையை மட்டும் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து லென்ஸைத் திருகலாம். தெளிவாயிருக்கும் விளிம்புகளைச் சிவப்புக் கோடிட்டுக் காட்டும் ஏற்பாடும் உண்டு. சில காமிராக்களில் '58' என்று அளவைச் சொல்லிவிட்டால், கை நடுங்கும்போது சதுக்கமே எதிர்த் திசையில் அசைந்து படத்தைக் காப்பாற்றுகிறது. வயதானவர்களுக்கு இது எத்தனை அநுகூலம்! கையால் திருகிப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளைகளுக்கு டிஜிட்டலைப் போன்ற உபாத்தியாயர் கிடையாது என்பதே நமது அபிப்பிராயம். ஓடியாடும் குழந்தையையும் மாலை மாற்றும் மணமக்களையும் எடுப்பதற்கு மட்டும் புதிய லென்ஸையே மாட்டச் சொல்லுங்கள். மாலை மாற்றுவது மறு தடவை நடக்காது.

* * *

அப்படியானால் பிலிம் எதற்கு? ஒரு படம் எடுக்குமுன் அரை நிமிஷம் யோசிக்க வைக்கிறது என்பார்கள். அது மெய், ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. நெகடிவ் என்பது கையில் பிடித்து வெளிச்சத்தில் பார்க்கக் கூடிய வஸ்து. அறுபது வருஷத்துக்கு முன் எடுத்த நெகடிவைப் பரண் பெட்டியிலிருந்து எடுத்து இன்றும் படம் போடலாம்; அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. பத்து வருஷத்துக்கு முன் எடுத்த டிஜிட்டல் படங்கள் எங்கே என்று எத்தனை குடும்பங்களில் உடனே பதில் சொல்ல முடியும்?

ஆனால் பிலிம் என்பது ஒரு பெரிய ரஸாயனத் தொழில். அது ஒரு தடவை அறுந்தால் மறுபடி முடிவது கடினம். கோடக் கம்பெனியார் 1935-இல் தொடங்கிய 'கோடக்ரோம்' என்னும் வர்ண பிலிமை 2009-இல் நிறுத்தினார்கள். அதைக் கழுவும் கடைசி நிலையமான அமெரிக்காவின் கான்ஸாஸ் மாகாணத்துக் கடையும் 2010 முடிவோடு அந்த வேலையை விட்டுவிட்டது. அந்தக் கம்பெனியிலேயே ஸ்டீவன் ஸாஸன் என்ற என்ஜினீயர் 1975-இல் முதல் டிஜிட்டல் காமிராவை அமைத்துக் காட்டினார். பதினாயிரம் புள்ளிகள் கொண்ட படம் ஒன்றைக் காஸெட் நாடாவில் பதிய 23 வினாடி ஆயிற்று. பிள்ளை வளர்ந்தான், 2012-இல் தகப்பன் திவாலானார். மறு வருஷம் எழுந்து உட்கார்ந்தார். பிலிமும் இன்னும் செய்கிறார் என்பது வேறு விஷயம்.

நம் நாட்டிலும் இத்தொழில் இருந்தது என்பதை இளைஞர்கள் அறியார்கள். உதகமண்டலத்தில் 1960-இல் 'ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்' என்ற அரசாங்கத் தொழிற்சாலை ஸ்தாபிதமாயிற்று. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைப் பிலிமும், ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து வந்தன. இந்து என்றால் சந்திரன். ருஷ்யச் சூரியனின் வெளிச்சத்தை நீலகிரிச் சந்திரனில் பதித்த வீடுகள் நம்மிடையே இருந்திருக்கும். இன்று அந்தத் தொழிற்சாலை மூடிவிட்டது. பிலிம் போடுகிற இளைஞன் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ செய்த சுருளை அந்நிய விலை கொடுத்து வாங்குகிறான். ஒரு சுருள் வாங்கிக் கழுவும் செலவைக் கேட்டால் பரணிலிருந்து இறங்கிய காமிரா மறுபடியும் ஏறிவிடுகிறது. லென்ஸ் மட்டும் கீழே தங்குகிறது. வேறெதையும்விட இந்தச் செலவுதான் பழைய லென்ஸையும் டிஜிட்டலையும் ஒன்று சேர்த்து வைத்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

இறக்கிய லென்ஸை என்ன செய்வது என்று கேட்கும் நேயர்களுக்குச் சில வார்த்தைகள். நமது கடற்கரைப் பட்டணங்களில் லென்ஸுக்கு முதல் சத்துரு பூஞ்சக் காளான். ஈரக் காற்றில் அது சில்லின்மேல் சிலந்தி வலை போலப் படர்ந்து பூச்சையே அரித்துவிடும். தோல் உறை பார்க்க அழகு. ஆனால் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு காளானை வளர்ப்பது அதுதான். உறையைக் கொலுவுக்கு வைத்துக்கொண்டு, லென்ஸை ஈரம் உறிஞ்சும் ஸிலிகா மணிப் பொட்டலத்தோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். வாங்குவதானால் லென்ஸின் ஒரு பக்கத்தில் கைவிளக்கை அடித்து மறு பக்கத்திலிருந்து பாருங்கள். மேலே தெரியும் சிறு கீறலைப் பொறுக்கலாம். உள்ளே தெரியும் வலையைப் பொறுக்க வேண்டாம்.

சில ஜப்பானிய லென்ஸ்கள் தேயிலைத் தண்ணீர் நிறத்துக்கு மாறியிருக்கும். 'டாகுமார்' என்ற பெயருள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ்களில் ஒரு வகை இதற்குப் பேர்போனது. அதன் சில்லில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்திருக்கிறது. அந்தக் கதிர்களே காலப் போக்கில் கண்ணாடியைப் பழுப்பாக்குகின்றன. காமிராவில் மாட்டிப் படம் எடுப்பதில் அபாயமில்லை. சில்லைக் கழற்றித் தேய்ப்பதும் உடைப்பதும் கண்ணோடு ஒட்டி வைத்துப் பார்ப்பதும்தான் கூடாது. கறுப்பு வெள்ளைப் பிலிமில் அந்தப் பழுப்பு, மஞ்சள் வடிகட்டி போல வேலை செய்து வானத்துக்கு அழகே கொடுக்கும். டிஜிட்டலில் நிறத்தைக் காமிராவே திருத்திக்கொள்ளும். கொஞ்சம் வெளிச்சம் மட்டும் நஷ்டம். பழுப்பைப் போக்க வேண்டுமானால் வெயிலில் சில வாரம் வைத்தால் தெளிந்துவிடும். அப்படி வைக்கும்போது ஒரு பக்க மூடியைக் கழற்றாமல், கீழே வெள்ளீயத் தாளை விரித்து வையுங்கள். இரண்டு பக்கமும் திறந்து ஜன்னலோரம் வைத்தால், லென்ஸ் சூரியனைத் திரைச்சீலையில் போகஸ் செய்து புகையக் காட்டிவிடும்.